வினையூக்கியைக் குற்றம் சொல்லும் முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. இங்கே அனைவரும் நலம். வசந்தி உன் முழங்கால் வலியைப் பற்றி விசாரிக்கச் சொன்னாள். மற்றச் செய்திகள் காத்திருக்கட்டும்; விறகு அடுப்பில் காற்று சரியாக ஓடவில்லை, கதவைத் திறந்தால் புகை அறைக்குள் வருகிறது, ஆகவே அடுப்புக்குள் புகையை எரிக்கும் பீங்கான் பாகமான வினையூக்கியைப் புதிதாக வாங்கப்போகிறேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. தயவு செய்து வாங்காதே. எதையும் கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடும் பழக்கம் விடுதி நாட்களிலிருந்தே உனக்கு உண்டு. அந்த மின்விசிறி விவகாரத்தை முரளி இன்றைக்கும் மறக்கவில்லை.

உன் கடிதத்தில் ஒரு முக்கியமான தகவல் விடுபட்டிருக்கிறது. கதவைத் திறக்கும்போது, புகையை வினையூக்கிக்குள் விடாமல் நேரே புகைபோக்கிக்கு அனுப்பும் பைபாஸ் தகட்டையும் திறந்து வைக்கிறாயா? அது மூடியிருக்கையில் கதவைத் திறந்தால், வினையூக்கியின் தேன்கூடு போன்ற சிறு துளைகள் வழியாக மட்டுமே வெளியேற முடிகிற புகை, எளிய வழியைத் தேடி உன் முகத்துக்கு வருவது இயல்பே. தகட்டைத் திறந்து, ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு கதவை மெதுவாகத் திறந்தும் புகை வந்தால், அந்தப் புகை வினையூக்கியைத் தாண்டிப் போக வேண்டிய கட்டாயமே இல்லாத நிலையில் வருகிறது. அப்படியானால் அடைப்பு வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். நன்றாகச் சூடேறிய நெருப்பில் இதையே சோதித்துப் பார்க்கலாம். தகட்டைத் திறந்ததும் சுடர் எழுந்து, மூடியதும் துவண்டால் வினையூக்கியைச் சந்தேகிக்கலாம். திறந்திருந்தாலும் நெருப்பு சோம்பியே இருந்தால், புகைபோக்கியையும் வீட்டையும் விறகையும் பார்க்க வேண்டும்.

நான் முதலில் சந்தேகிப்பது புகைபோக்கியின் உச்சியில் உள்ள மூடியின் கம்பிவலையைத்தான். புகை அங்கே போய்ச் சேரும்போது குளிர்ந்துவிடுவதால் கிரியோசோட் என்னும் தார்ப்பிசுக்கு அந்த வலையில் படிந்து அதன் துளைகளை அடைத்துவிடும். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீ கூரையில் ஏறாதே, அந்த முழங்காலோடு வேண்டவே வேண்டாம். புகைபோக்கி சுத்தம் செய்பவரை அழைத்து, வலையோடு முழுக் குழாயையும் பார்க்கச் சொல். குழாய் இணைப்புகளிலோ சாம்பல் எடுக்கும் சிறு கதவிலோ இடைவெளி இருந்தால், குளிர்ந்த காற்று அதன் வழியே நுழைந்து, புகையை மேலே இழுக்கும் விசையான இழுவையைக் கெடுக்கும் என்பதையும் அவரிடம் சொல். குழாயின் உயரமும் உள்ளே இருக்கும் வெப்பமுமே காற்றை இழுக்கின்றன. அதனால்தான் வெளிச்சுவரை ஒட்டி ஏறும் குளிர்ந்த புகைபோக்கியும், வளைவுகள் மிகுந்த குழாயும் எப்போதும் தொல்லை தருகின்றன. புகைபோக்கியின் முனை, 3 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எந்தக் கூரைப் பகுதியையும்விட 60 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும்.

அவர் வருவதற்குள் நீயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அடுப்பு இருக்கும் அறையின் சன்னலைச் சிறிது திற. உடனே நெருப்பு தெளிந்தால் வீடே காற்றுக்குத் தவிக்கிறது என்று அறிந்துகொள். சமையலறையின் புகை உறிஞ்சும் விசிறி ஓடும்போது, இறுக்கமாக மூடிய வீட்டில் அது புகைபோக்கியோடு போட்டியிட்டு வென்றுவிடும். விறகையும் விட்டுவிடாதே. ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானியை வைத்துப் பார். 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த நெருப்பின் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே கரைந்துபோகும், புகைபோக்கி சூடேறாது, இழுவையும் பிறக்காது.

இவை அனைத்தும் சரியாக இருந்து, பழி வினையூக்கியின் மீதே வந்தாலும் புதிது வாங்க அவசரமில்லை. அடுப்பு முற்றிலும் ஆறிய பின் துளைகளில் சாம்பல் தூள் படிந்திருக்கிறதா என்று பார்த்து, மென்மையான தூரிகையால் மெதுவாகத் துடைத்து எடு. கம்பியால் குத்தாதே, அழுத்தக் காற்றும் ஊதாதே. பீங்கான் உடையும், அதன் மேல் உள்ள பிளாட்டினம், பல்லேடியப் பூச்சும் உதிரும். இன்னொன்றையும் மனத்தில் வை: செயலிழந்த வினையூக்கி வேறு, அடைபட்ட வினையூக்கி வேறு. செயலிழந்தது காற்றைத் தடுப்பதில்லை. அது ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் புகையை எரிக்காமல் விடுவதால், புகைபோக்கியின் உச்சியில் புகை தடித்து நிற்கும். சாயம் பூசிய பலகையையும் வண்ணத்தாள்களையும் எரிப்பது அதைக் கெடுக்கும் ஒரு வழி. பழைய சன்னல் சட்டங்களை அடுப்பில் போடுவதாக நீ ஒரு முறை எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. உடனே நிறுத்து.

சேகர், இனி நான் எழுதுவதைக் கவனமாகப் படி. அறைக்குள் வரும் புகையோடு கார்பன் மோனாக்சைடும் வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குபவனை அது எழுப்பாது. காரணம் தெரியும் வரை இரவில் காற்றைக் குறைத்துவிட்டுப் படுக்கப் போகாதே. இன்னும் நல்லது, அடுப்பையே மூட்டாதே. படுக்கையறைக்கு அருகில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லையென்றால், வினையூக்கிக்கென்று வைத்த பணத்தில் முதலில் அதை வாங்கு. தலைவலியோ குமட்டலோ வந்தால் யோசிக்காமல் அனைவரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய் உதவி கேள்.

பைபாஸ் தகட்டைத் திறந்தபோது நெருப்பு என்ன செய்தது, சன்னலைத் திறந்ததும் என்ன மாறியது, கட்டையின் ஈரம் எவ்வளவு என்பதை உடனே எழுது.

உன் அன்புள்ள,
ரகு