பின்னின் வகை மட்டும் போதாது: கிகேட் உருவாக்குநர்களுக்குக் கோவையிலிருந்து ஒரு திறந்த மடல்

சர்க்யூட் போர்டு வரையும் இலவச மென்பொருளான கிகேட்டின் (KiCad) உருவாக்குநர்களுக்கும் அதன் சிம்பல் லைப்ரரியைப் பராமரிப்பவர்களுக்கும் வணக்கம்.

போர் மோட்டார் ஸ்டார்ட்டர், சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர், தறி நின்றுபோனால் சொல்லும் சென்சார், கிரைண்டர் டைமர் என்று கொங்குப் பகுதியின் பட்டறைகளுக்கு போர்டு வரைந்து கொடுப்பவர்கள் நாங்கள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் இந்தப் பட்டறைகளுக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் வேலை கிகேட்டில்தான் நடக்கிறது. ஆர்டர் போகுமுன் ஸ்கீமேட்டிக்கை, அதாவது சர்க்யூட்டின் வரைபடத்தை, ஒருமுறை சோதித்துத் தருவது அதிலுள்ள இ.ஆர்.சி. (மின் விதிச் சோதனை) என்பதால், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறோம். 9-ஆம் பதிப்பை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறோம்.

சிம்பலில் ஒயர் சேரும் முனைகளான பின்களுக்கு இன்புட், அவுட்புட் என்பது போல 12 வகைகள் கொடுத்திருக்கிறீர்கள். எந்த வகையோடு எந்த வகை சேரலாம் என்பதற்கு ஒரு கட்டமும் இருக்கிறது. இ.ஆர்.சி.யின் பெரும்பகுதி அந்தக் கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. கரண்ட் எந்த வழியாக வருகிறது, எத்தனை வோல்ட், எந்த கிரவுண்டைச் சேர்ந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால்தான் தப்பில்லாத இடத்தில் எச்சரிக்கிறது, தப்புள்ள இடத்தில் பேசாமல் இருக்கிறது.

சப்ளையைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், ஃபியூஸ், அடுத்து 5 வோல்ட் ரெகுலேட்டரான 7805. பிரிட்ஜின் பின்களும் ஃபியூஸின் பின்களும் பாசிவ் வகை, சப்ளை தருவதாக இ.ஆர்.சி. கணக்கில் எடுக்காது. 7805-இன் உள்பின் பவர் இன்புட். அதற்கு சப்ளை தருபவர் யாருமில்லை என்று இ.ஆர்.சி. பிழை காட்டும். வரைபவர் அங்கே, ‘இங்கே சப்ளை வருகிறது’ என்று சொல்லும் பவர் ஃபிளாக் என்ற குறியை ஒட்டுவார், பிழை மறையும். 5 வோல்ட் லைனில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் பீட் வந்தால் அதற்கு அப்பால் இன்னொரு ஃபிளாக். தெரியாமல் ரெகுலேட்டரின் வெளிபின்னிலேயே ஒட்டிவிட்டால், ஃபிளாக்கும் பவர் அவுட்புட்டாகவே கணக்காவதால், இரண்டு பவர் அவுட்புட் மோதுவதாக வேறொரு பிழை. இதெல்லாம் தொந்தரவு என்ற அளவில் பொறுத்துக்கொள்ளலாம். ஆபத்து அடுத்த திருத்தத்தில் வருகிறது. ஃபியூஸை நகர்த்தும்போது அதன் வெளிமுனைக்கும் 7805-க்கும் இடையிலுள்ள ஒயர் அறுந்து போகிறது. ஃபியூஸ் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் மாட்டியிருந்தால் தொங்கும் பின் என்றுகூட வராது. 7805 பக்கத்தில் ஃபிளாக் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இ.ஆர்.சி. பூஜ்ஜியம் பிழை என்கிறது. போர்டுக்கு சப்ளையே இல்லை.

இதற்கு எங்களில் சிலர் செய்யும் மாற்று இது: சொந்த லைப்ரரியில் ஃபியூஸுக்கும் பீடுக்கும் தனியாக ஒரு சிம்பல் வரைந்து, பின் 1-ஐ பவர் இன்புட், பின் 2-ஐ பவர் அவுட்புட் என்று வைத்துவிடுகிறோம். ஃபிளாக் பிரிட்ஜின் வெளிபின்களில் மட்டும். அதற்கு அப்பால் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் இ.ஆர்.சி. அந்த இடத்தைக் காட்டுகிறது. ஆனால் இது ஒட்டுப்போட்ட வேலை. பீடைத் திருப்பி வைத்தால் பொய்ப் பிழை வரும். இந்தப் பின்னிலிருந்து அந்தப் பின்னுக்கு சப்ளை கடக்கும் என்று சிம்பலிலேயே குறிக்க ஒரு வசதி கொடுங்கள். ஃபியூஸ், பீட், இண்டக்டர், டயோடு, பூஜ்ஜியம் ஓம் ரெசிஸ்டர் ஆகியவற்றுக்கு அது போதும்.

அடுத்துச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. விலை குறைந்த ஸ்டார்ட்டர் கார்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது, ஒரு கெப்பாசிட்டரை வைத்தே மெயின்ஸ் வோல்டேஜைக் குறைக்கும் கெப்பாசிட்டர் டிராப்பர்தான். அங்கே சர்க்யூட்டின் கிரவுண்ட் நேராக மெயின்ஸோடு சேர்ந்தது, தொட்டால் ஷாக். போனில் மோட்டாரை ஓட்டும் ஜிஎஸ்எம் (செல்போன் இணைப்பு) பகுதியை, சிக்னலை ஒளியாகக் கடத்தும் பிசி817 ஆப்டோகப்ளர் வைத்து மின்தொடர்பில்லாமல் பிரிக்கிறோம். அதன் தாங்குதிறன் 5000 வோல்ட். பழைய ஷீட்டிலிருந்து ஜிஎஸ்எம் பகுதியை அப்படியே எடுத்து ஒட்டும்போது அதிலுள்ள கிரவுண்ட் சிம்பலும் சேர்ந்து வருகிறது. இரண்டு பக்கமும் ஒரே பெயர், ஆகவே ஒரே நெட், அதாவது ஒரே மின்னிணைப்பு. ஆப்டோகப்ளர் இருந்தும் பயனில்லை. ஆன்டெனாவையும் சிம் ஸ்லாட்டையும் ஈரக் கையோடு தொடப்போகிறவர் ஒரு விவசாயி.

போர்டு பக்கத்துச் சோதனை இதைப் பிடிக்கும் என்று எண்ண வேண்டாம். அங்கே சொந்த விதிகள் எழுதி 6 மில்லிமீட்டரோ 8 மில்லிமீட்டரோ இடைவெளி கேட்கலாம். அந்த விதி இரண்டு வேறு நெட்டுகளுக்கு இடையில்தான் அளக்கும். ஸ்கீமேட்டிக்கிலேயே ஒன்றாகிவிட்ட நெட்டில் அளக்க என்ன இருக்கிறது? தப்பைப் பிடிக்கும் இடம் இ.ஆர்.சி. மட்டுமே.

நாங்கள் கேட்பது: நெட்டுகளை வகைபிரிக்கும் நெட் கிளாஸுக்கு ‘மெயின்ஸ் பக்கம்’, ‘தொடும் பக்கம்’ என்பது போன்ற குழு. இரண்டு குழுவும் ஒரே நெட்டில் சந்தித்தால் பிழை. எல்லையைத் தாண்ட ஆப்டோகப்ளர், டிரான்ஸ்ஃபார்மர், மெயின்ஸ் பாதுகாப்புக்கென்றே செய்யப்படும் ஒய் கெப்பாசிட்டர், ரிலே போன்றவற்றுக்கு மட்டும் அனுமதி. சாதாரண ரெசிஸ்டர் தாண்டினாலும் சொல்ல வேண்டும். போர்டு பக்கத்தில் இருப்பது போல எங்கள் விதியை நாங்களே எழுதும் வசதி ஸ்கீமேட்டிக்கிலும் வந்தால் இதை நாங்களே எழுதிக்கொள்வோம். அதுவரை இதைப் படிக்கும் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை: இரு பக்கத்துக்கும் வெவ்வேறு பெயருள்ள கிரவுண்ட் சிம்பல் வையுங்கள். ஒரே நெட்டுக்கு இரண்டு பெயர் என்ற எச்சரிக்கையை செட்டிங்கில் பிழையாக உயர்த்திவிடுங்கள்.

வோல்டேஜுக்கு ஒரு உதாரணம் போதும். 3.3 வோல்ட்டில் ஓடும் மைக்ரோகன்ட்ரோலரான எஸ்டிஎம்32எஃப்103-இல் முதல் சீரியல் போர்ட்டின் பிஏ9, பிஏ10 பின்கள் 5 வோல்ட்டைத் தாங்கும். இரண்டாவது போர்ட்டின் பிஏ2, பிஏ3 தாங்காது. மில்லில் டிரைவோடு பேச 5 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்485 என்ற தொடர்பு சிப்பை முதல் சீரியல் போர்ட்டில் மாட்டியிருக்கிறோம். டிராக் போட வசதிக்காக இரண்டாவது போர்ட்டுக்கு மாற்றினால், 5 வோல்ட் பிஏ3-இல் நேராக ஏறுகிறது. இ.ஆர்.சி.க்கு நான்கு பின்னும் ஒரே இருவழி (இன்புட், அவுட்புட் இரண்டும் ஆகக்கூடிய) வகைதான். பின்னுக்கு அதிகபட்ச வோல்டேஜ், நெட்டுக்குப் பெயரளவு வோல்டேஜ் என்று இரண்டு எண்கள் விருப்பப் புலமாக இருந்தாலே இது பிடிபடும்.

அதே சிப்பில் இன்னொன்று. 6-ஆம் பதிப்பில் பின்னுக்கு மாற்றுப் பணி கொடுத்தீர்கள், நல்ல வேலை. ஆனால் லைப்ரரியில் டிஎக்ஸ் (அனுப்பும்) பணியைத் தேர்ந்தாலும் வகை இருவழியாகவே இருக்கிறது. டிஎக்ஸை மேக்ஸ்485-இன் ஆர்ஓ என்ற வெளிபின்னோடு தவறி மாட்டினால் இரண்டு அவுட்புட் மோதுகின்றன, சத்தமில்லை. டிஎக்ஸுக்கு அவுட்புட், ஆர்எக்ஸுக்கு (பெறும் பணிக்கு) இன்புட் என்று லைப்ரரியில் திருத்தினால் போதும். மென்பொருளில் ஒரு வரிகூட மாற வேண்டாம்.

தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடுகிறதா என்ற டிரை ரன் சோதனைக்கு எல்எம்393 என்ற கம்பேரட்டர் சிப் போடுகிறோம். அதன் வெளிபின் ஓப்பன் கலெக்டர், நெட்டைக் கீழே இழுக்க மட்டுமே தெரியும். அதைச் சப்ளைப் பக்கம் மேலே இழுக்கும் புல்-அப் ரெசிஸ்டரை மறந்தால் அந்த நெட் ஒருபோதும் ஒழுங்காக மேலே போகாது. கான்டாக்டர் இழுக்கும்போதெல்லாம் பொய் டிரிப் வரும். ஓப்பன் கலெக்டர் நெட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக சப்ளைக்குப் பாதை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிப்புக்குள்ளேயே புல்-அப் போடுபவர்கள் இன்புட் பின்னில் அதைக் குறித்துக்கொள்ளட்டும்.

எல்லாவற்றையும் ஒரே பதிப்பில் கேட்கவில்லை. முதலில் மெயின்ஸ் எல்லை, அடுத்து சப்ளை கடக்கும் பின். லைப்ரரியின் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் வகைகளை நாங்களே திருத்தி அனுப்பத் தயார். மேலே சொன்ன ஒவ்வொரு தப்புக்கும் ஒரு சிறிய சோதனை ஷீட்டும், அதில் இ.ஆர்.சி. எந்தப் பின்னைக் காட்ட வேண்டும் என்ற குறிப்பும் தருகிறோம். 8-ஆம் பதிப்பிலிருந்து கமாண்ட் லைனிலேயே இ.ஆர்.சி. ஓட்ட முடிவதால், மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த ஷீட்டுகளை ஓட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கோவை வட்டாரத்தில் போர்டு வரைவோர் சிலர்