அப்பாவின் மாத்திரை விஷயம்

தம்பி,

போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். ஐப்பசி மழையில் பித்தவெடிப்புக் காலோடு, சுகர் 300-ஐத் தாண்டியிருந்தபோதே நடவு வயலில் இறங்கினார். பத்தே நாளில் குளிர்காய்ச்சல். இங்கே டைஃபாய்டு என்று ஐந்து நாள் ஊசி போட்டும் குறையவில்லை என்பது வரைதான் உனக்குச் சொன்னேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் ரத்தம் எடுத்து, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் மண்ணீரலில் சீழ்க்கட்டி. முதல் ரிப்போர்ட் சூடோமோனாஸ் என்ற கிருமி என்று வந்தது. டாக்டரம்மா அதில் விரலை வைத்துக் காட்டினார்: "பாருங்க, ஜென்டாமைசின், கோலிஸ்டின் மருந்துக்கு இந்தக் கிருமி கேக்கல, ஆக்மென்டின் மருந்துக்குக் கேக்குது, சூடோமோனாஸ் இப்படி இருக்காதே." அப்புறம் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டார். விவசாயம் என்றதும் லேபுக்குப் போன் போட்டார்.

மீலியாய்டோசிஸ் என்கிற நோயாம். சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமி, காலில் புண் இருந்தால் உள்ளே புகுந்துவிடும், சுகர் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும், ரத்தத்தில் கலந்தால் ஆளையே கொண்டுபோய்விடும். 1912-லேயே ரங்கூனிலிருந்து விட்மோர் என்ற வெள்ளைக்காரரும் கிருஷ்ணசாமி என்ற நம் நாட்டு டாக்டரும் எழுதி வைத்துவிட்டார்களாம். நூறு வருஷத்துக்கு மேலாகியும் நம் பக்கத்தில் டைஃபாய்டு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

கட்டி இருந்ததால் நான்கு வாரம் மெரோபெனம் ஊசி, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மார்கழி பிறந்ததும் வீட்டுக்கு வந்தோம். இப்போது கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை, காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு, பங்குனி வரை. கிருமி உள்ளே பதுங்கிக்கொண்டு மாதங்கள் கழித்துக்கூடத் திரும்ப வருமாம், பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஊசி.

நேற்று வெற்றிலைப் பெட்டியைத் துடைக்க எடுத்தேன், சுண்ணாம்பு டப்பாவுக்கு அடியில் எட்டு மாத்திரை. கேட்டால் குமட்டுது, அதான் காய்ச்சல் போயிடுச்சே என்கிறார். குமட்டினால் டாக்டரிடம் சொல்லலாம், இப்படியா ஒளித்து வைப்பது? செவ்வாய்க்கிழமை கிட்னிக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அப்போது நானே சொல்லிவிடுகிறேன்.

நான் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார், நீ சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டு மாத்திரை அட்டையைக் காட்டச் சொல். எட்டு மாத்திரை கதை உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே.

வரும்போது முட்டி வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கி வா, எட்டாம் நம்பர். சேற்றில் இதைப் போட்டுக்கொண்டு எவன் நடப்பான் என்று கத்துவார், கத்தட்டும்.

அம்மா