ஊசி முனையை மாற்றினால் போதாது

ஆசிரியருக்கு,

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸில் 8 மரபணு வகைகள் உண்டு. எந்த வகையானாலும் பரவுவது ரத்தத்தின் வழியாகத்தான். சேர்ந்து சாப்பிடுவதால் தொற்றாது (தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கி வைப்பவர்கள் கவனிக்க).

பலரும் கோட்டைவிடுவது சிரிஞ்சில். ஒருவருக்குப் போட்டபின் முனையை மட்டும் மாற்றி, அதே சிரிஞ்சை மருந்துக் குப்பிக்குள் விட்டால், கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் மருந்தில் கலந்துவிடும். பிறகு அந்தக் குப்பியிலிருந்து புது சிரிஞ்சில் எடுத்தாலும் ஆபத்துதான். சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் இந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடும். பச்சை குத்துபவர்கள் ஊசியை மாற்றுகிறார்கள், மைக் கிண்ணத்தை மறந்துவிடுகிறார்கள். அதுவும் இதே கதைதான்.

ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி (வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் புரதம்) பாசிட்டிவ் என்றதும் பதற வேண்டாம். குணமானவர்களுக்கும் அது அப்படியே காட்டும். உடலில் இப்போது வைரஸ் இருக்கிறதா என்பதை வைரஸின் மரபணுப் பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். எல்லா வகைக்கும் பொருந்தும் சோபோஸ்புவிர், வெல்படாஸ்விர் கூட்டு மாத்திரையை மருத்துவர் சொன்னபடி 12 வாரம் எடுத்தால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். தடுப்பூசி கிடையாது. குணமானவருக்கு மறுபடியும் தொற்றலாம், வேறு வகை மட்டுமல்ல, அதே வகையும்கூட.

– ஆய்வக நுட்பநர் ஒருவர்