ஆறும் வரை கை வைக்காதே

அன்புள்ள கயல்,

பாலிலோ தயிரிலோ போட்டுச் சாப்பிடும் ஓட்ஸ் பண்டமான கிரானோலா, கடையில் வாங்கினால் ஒரே இனிப்பு, விலையும் கையைக் கடிக்கிறது, வீட்டில் செய்தாலோ ஓரம் கருகி நடு நமத்துக் கிடக்கிறது என்று போனில் சொன்னாய். இதைப் போனில் விளக்கினால் பாதி காதில் விழாது. அதனால்தான் எழுதுகிறேன். அடுப்படியில் ஒட்டி வைத்துக்கொள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள் கண்ணு. கிரானோலா வேகவைக்கிற பண்டம் இல்லை, உலர்த்துகிற பண்டம். ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் வெந்து, உருளையில் நசுங்கி, காய்ந்துதான் பாக்கெட்டுக்கு வருகிறது. அதன் மேல் எண்ணெயும் பாகும் பூசி, பாகில் இருக்கும் ஈரத்தை மெதுவாக விரட்டி, கூடவே பாதாம் போன்ற பருப்புகளையும் வறுத்து எடுக்கிறோம், அவ்வளவுதான். ஈரம் போவதற்கு முன்னால் நிறம் ஏறிவிட்டால் மேலே கருகும், உள்ளே நமத்துப் போகும். நீ 350 டிகிரியில் வைத்தது இதற்கு அதிகம். 300 ஃபாரன்ஹீட் போதும், செல்சியஸில் 150. காற்றாடி ஓடும் கன்வெக்ஷன் வசதியைப் போட்டால் 275 ஃபாரன்ஹீட்.

வாடகை வீட்டு ஓவனின் முகப்பில் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதே. உள்ளே 20, 25 டிகிரி முன்னே பின்னே இருப்பது சாதாரணம். கம்பித் தட்டில் தொங்கவிடும் சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் போடு. அதோடு ஒரு எலக்ட்ரானிக் தராசும் வாங்கு. கப் கணக்கில் ஓட்ஸை அள்ளினால், தளர அள்ளும்போது 90 கிராம் வரும், அமுக்கி அள்ளினால் 110 வரும். நான்கு கப்பில் அது எவ்வளவு வித்தியாசம் என்று நீயே கூட்டிப் பார். போன தடவை சரியாக வந்தது இந்தத் தடவை வறவறவென்று வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கனடாவில் ஓட்ஸ் பாக்கெட்டில் ‘லார்ஜ் ஃப்ளேக்’ என்று போட்டிருப்பதை எடு. ‘குவிக்’ மெல்லிசு, பாகைக் குடித்துவிட்டுத் தூளாக உதிரும். ‘இன்ஸ்டன்ட்’ பக்கமே போகாதே. ‘ஸ்டீல் கட்’ என்பது நசுக்காமல் வெட்டிய முழுத் தானியம், ஓவனில் வைத்தால் கல்லாகிப் பல்லைப் பதம் பார்க்கும். சொல்லப்போனால் ஆதியில் இந்தப் பண்டமே அப்படித்தான் இருந்தது. 1863-இல் நியூயார்க் மாகாணத்து டான்ஸ்வில்லில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் செய்ததில் ஓட்ஸே கிடையாது. முழுக் கோதுமை மாவைத் தட்டையாகச் சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டு வைத்தார். ராத்திரி முழுக்கப் பாலில் ஊறினால்தான் காலையில் பல் இறங்கும். நமக்கு அந்த வேதனை வேண்டாம்.

அளவு சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். ஓட்ஸ் 400 கிராம். பாதாமும் பீக்கன் கொட்டையும் சேர்த்து 150 கிராம். பூசணி விதை, சூரியகாந்தி விதை இரண்டும் சேர்த்து 75 கிராம். பெரிய சீவலாக வரும் காய்ந்த தேங்காய் 50 கிராம். எண்ணெய் 100 மில்லி. மேப்பிள் சிரப் 120 மில்லி, எடை போட்டால் 160 கிராம் அளவில் இருக்கும். பிரவுன் சுகர் 40 கிராம். தூள் உப்பு முக்கால் டீஸ்பூன், பட்டைத் தூள் ஒரு டீஸ்பூன், வெனிலா எசன்ஸ் ஒன்றரை டீஸ்பூன். கடைசியில் சேர்க்க உலர்பழம் 120 கிராம். எல்லாம் சேர்ந்து முடிவில் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். 13-க்கு 18 அங்குலம் இருக்கும் ஒரு பெரிய தட்டுக்கு இது சரியான அளவு. தட்டு சின்னதாக இருந்தால் இரண்டாகப் பிரித்துக்கொள். ஒன்றிலேயே குவித்தால் அடியில் இருப்பது ஆவியில் புழுங்கும், காயாது.

உப்பைக் குறைக்காதே. இனிப்புக்கு எதற்கு இவ்வளவு உப்பு என்று தோன்றும். அது இல்லாவிட்டால் ஓட்ஸ் அட்டையை மெல்லுவது போலத்தான் இருக்கும். சப்பென்று இருக்கிறதே என்று மேலும் மேலும் சர்க்கரையைக் கொட்டத் தோன்றும்.

எண்ணெய் உன் விருப்பம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும், அதனால் கட்டிகள் நன்றாகப் பிடித்து நிற்கும். வாசனையும் நமக்குப் பழகியது. ஆனால் குளிர்ந்த பாலில் போட்டுச் சாப்பிட்டால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆலிவ் எண்ணெய் எனக்கு ஒரு படி மேல். வெண்ணெய் வேண்டாம். அதில் இருக்கும் பால்பொருள் சீக்கிரம் கருகும், தண்ணீர் வேறு இருக்கிறது.

சிரப்பில் ‘டார்க்’ என்று குறித்ததை வாங்கு. ‘கோல்டன்’ பார்க்க அழகு. ஓவனில் அதன் மணம் நிற்காது, காசுதான் வீண். ஒரு லிட்டர் சிரப்புக்குச் சுமார் 40 லிட்டர் மரச்சாறு காய்ச்ச வேண்டும், விலை அப்படித்தான் இருக்கும். செலவு அதிகம் என்று தோன்றினால் வெல்லம் போடலாம், நன்றாகவே வரும். சிரப்பும் பிரவுன் சுகரும் இரண்டையும் விட்டுவிட்டு, 130 கிராம் வெல்லத்தை 60 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி வந்ததும் வடிகட்டிக்கொள். மண் இருக்கும், வடிகட்டாமல் விடாதே. தண்ணீர் கூடுதலாக இருப்பதால் ஓவனில் ஐந்து நிமிடம் அதிகம் பிடிக்கும். தேன் ஊற்றினால் சீக்கிரம் சிவக்கும், பிறகு காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுக்கும். அதனால் எனக்குத் தேன் மூன்றாம் பட்சம்தான்.

செய்முறைக்கு வருகிறேன். பாதாமை இரண்டு மூன்று துண்டாக மட்டும் நறுக்கு. பொடிசாக நறுக்கினால் ஓட்ஸ் காய்வதற்கு முன் அது கருகிக் கசக்கும். ஒரு பிடி கசந்த பருப்பு போதும், தட்டு முழுவதும் பாழ். ஓட்ஸ், பருப்பு, விதை, பட்டை, உப்பு எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் கலந்துகொள். தேங்காய்ச் சீவலை இப்போது போடாதே. அளவுக் கப்பில் முதலில் எண்ணெயை அளந்து ஊற்று, பிறகு அதே கப்பில் சிரப்பை அள. எண்ணெய்ப் பசை இருப்பதால் சிரப் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இரண்டையும் பிரவுன் சுகரோடு சின்னத் தீயில் சர்க்கரை கரையும் வரை மட்டும் சூடாக்கு. கடலைமிட்டாய்க்குக் காய்ச்சுவது போலப் பாகு பதம் பார்க்காதே. இங்கே பதம் வருவது ஓவனுக்குள்ளே. இறக்கி வெனிலா சேர்த்து ஓட்ஸில் ஊற்றிக் கையால் பிசறு. கரண்டி ஆகாது. ஒவ்வொரு செதிலிலும் பளபளப்பு ஏறி, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒன்றும் மிஞ்சாத வரை பிசறு. இரண்டு நிமிடமாவது ஆகும்.

தட்டில் விரிக்கப் பார்ச்மெண்ட் பேப்பர் வாங்கு, அது ஓவன் சூட்டைத் தாங்கும் ஒட்டாத தாள். கடையில் பக்கத்திலேயே மெழுகுத்தாளும் இருக்கும், பார்க்க ஒரே மாதிரி. அதை ஓவனில் வைத்தால் மெழுகு உருகிப் புகையும், அபார்ட்மெண்ட் அலாரம் அலறும். தட்டு வெளிர் நிற அலுமினியமாக இருக்கட்டும். கறுப்புத் தட்டு சூட்டை அதிகம் வாங்கி அடியைத் தீய்க்கும்.

கலவையைக் கொட்டிச் சமமாகப் பரப்பு. ஓரத்தை நடுவைவிடச் சற்றுத் தடிப்பாக விடு, ஏனென்றால் ஓரம்தான் முதலில் சிவக்கும். ஓவனின் நடுத்தட்டில் வைத்து 25 நிமிடம். அப்போது வெளியே எடுத்து, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் தள்ளிக் கிளறி, தேங்காய்ச் சீவலைச் சேர். வால்நட் போடுவதாக இருந்தாலும் இதுதான் நேரம், அது பாதாமைவிட வேகமாகக் கருகும். பிறகு அகலமான தோசைத் திருப்பியின் முதுகால் முழுவதையும் நன்றாக அமுக்கிச் சமமாக்கு. தட்டை முன்பின்னாகத் திருப்பி மறுபடி உள்ளே வை. இன்னும் 15 முதல் 20 நிமிடம். இதற்குப் பிறகு கிளறவே கூடாது. கிளறினால் கட்டி உடையும்.

எப்போது எடுப்பது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். சூட்டோடு வாயில் போட்டால் மெத்தென்றுதான் இருக்கும், பாகு இன்னும் இளகி நிற்கிறது. மொறுமொறுப்பாகும் வரை உள்ளேயே விட்டால் கருகல்தான் மிஞ்சும். நிறம் தேன் நிறத்துக்கு வந்து, சமையலறை முழுவதும் வறுத்த பருப்பு வாசனை எழும்பும்போது ஒரு பாதாமை எடுத்து உடைத்துப் பார். உள்ளே தந்தம் போல வெளுத்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். இளம் பழுப்பாக இருந்தால் எடுத்துவிடு. அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால், ஒரு ஸ்பூன் எடுத்துத் தனித்தட்டில் போட்டு ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் கடி. அது மொறுமொறுவென்று இருந்தால் மொத்தமும் சரி.

எடுத்த உடனே இன்னொரு முறை லேசாக அமுக்கிவிட்டு, தட்டோடு அப்படியே விட்டுவிடு. ஒரு மணி நேரம் கை வைக்காதே, மாப்பிள்ளையையும் வைக்க விடாதே. ஆறும்போதுதான் சர்க்கரை கண்ணாடி மாதிரி இறுகி ஓட்ஸை ஒன்றோடொன்று பிடிக்கும். பாதிச் சூட்டில் கிளறினால் பிடித்ததெல்லாம் விட்டுப்போய் உதிரிதான் கிடைக்கும். ஆறியதும் பாளமாகத் தூக்கி, வேண்டிய அளவில் உடைத்துக்கொள்.

இன்னும் பெரிய கட்டிகள் வேண்டுமென்றால் ஒரு முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, பரப்புவதற்கு முன் கலந்துவிடு. முட்டை ஆகாத நாளில் அந்த 400 கிராம் ஓட்ஸிலேயே 50 கிராமை மிக்ஸியில் மாவாக அரைத்துச் சேர். அது பாகோடு சேர்ந்து பசையாகப் பிடிக்கும்.

உலர்பழம் ஓவனுக்குள் போகவே கூடாது. திராட்சை ஊதி, வெடித்து, பிறகு கூழாங்கல்லாக இறுகிவிடும். முழுவதும் ஆறிய பிறகே கலக்க வேண்டும். சாக்லேட் துண்டும் அப்படித்தான்.

ஆறிய பிறகும் நமத்தே இருக்கிறதா? தூக்கிப் போடாதே. பழம் இன்னும் கலக்காமல் இருந்தால் அதே 300 டிகிரியில் பத்து நிமிடம் மறுபடி வைத்து ஆறவிடு, சரியாகிவிடும். எடுக்கும்போது மொறுமொறு, மறுநாள் நமப்பு என்றால் கோளாறு டப்பாவில். வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடியிருப்பாய், உள்ளே ஆவி வியர்த்திருக்கும். உங்கள் ஊரில் ஜூலையில் காற்றே ஈரமாக இருக்கும், அந்த மாதங்களில் பழத்தை டப்பாவில் கலக்காமல் தனியாக வைத்துக் கிண்ணத்தில் சேர்த்துக்கொள். பழத்தின் ஈரத்தையும் ஓட்ஸ் இழுக்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் இந்தத் தொல்லை இல்லை.

காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரம் தாங்கும். அதற்கு மேல் பருப்பு எண்ணெய் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும், வால்நட் எல்லாவற்றுக்கும் முந்தும். பாதியை ஃப்ரீசரில் வை, மூன்று மாதம் கெடாது. ஈரமே இல்லாததால் கட்டியாக உறையாது, எடுத்த கையோடு சாப்பிடலாம். வாங்கி வரும் பருப்பையும் செய்வதற்கு முன் ஒன்று கடித்துப் பார். பழைய சிக்கு வாடையை ஓவன் போக்காது, கூட்டத்தான் செய்யும்.

இனிப்பைக் குறைக்கக் கேட்டாய். சிரப்பையும் சர்க்கரையையும் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் கட்டி பிடிக்காது, வறுத்த ஓட்ஸாக மட்டும் கிடைக்கும். அதைத் தயிரில் போட்டுச் சாப்பிடலாம், தவறில்லை. ஆனால் இனிப்பைவிடக் கவனிக்க வேண்டியது அளவு. நான் சொன்ன கணக்கில் 50 கிராமுக்கே கிட்டத்தட்ட 240 கலோரி. பெரிய கிண்ணம் நிறையக் கொட்டிப் பால் ஊற்றுவது சாப்பாட்டுக்குச் சமம். தயிரும் பழமும் நிறைய, கிரானோலா மேலே ஒரு கைப்பிடி.

ஆபீஸுக்கு எடுத்துப்போவதாக இருந்தால் முதலில் விசாரித்துக்கொள், பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கென்று செய்யும்போது பருப்பு முழுவதையும் விட்டு, அதே 150 கிராமுக்குப் பூசணி, சூரியகாந்தி விதைகளையே கூட்டு. பருப்பு செய்த தட்டையும் கரண்டியையும் நன்றாகக் கழுவிவிட்டுத் தொடங்கு. விதைகளின் பாக்கெட்டிலும் பருப்பு கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்கு. கோதுமைப் புரதம் ஆகாதவர் இருந்தால் சாதா ஓட்ஸ் உதவாது. வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்டதுதான் வேண்டும்.

இந்த வாரம் அரை அளவில் ஒரு தட்டு போட்டுப் பார். அரை அளவுக்குக் கலவை மெல்லிசாகப் பரவும், அதனால் இருபதாவது நிமிடத்திலேயே கிளறு, முப்பதிலிருந்து நிறத்தைப் பார்க்க ஆரம்பி.

அன்புடன்,
அப்பா

பி.கு.: தேன் ஊற்றிச் செய்தால் டப்பா மேல் எழுதி ஒட்டு. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது, ஓவனில் வைத்ததாக இருந்தாலும்.