காந்தத்தோடு வந்த தம்பிக்கு

நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு எங்கள் பட்டறை மெஷின் மறுபடி ஓடியது. முதலில் ஒரு வேப்பம் பலகையைத் தள்ளினேன். அது மறுபக்கம் வந்ததும் அப்பா கையால் நீளத்துக்கும் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ராத்திரி எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு உடனே சொல்லிவிட வேண்டும் என்று விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில், தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் நம் ஏரலுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சுவரிலும் தண்ணீர் ஏறி நின்ற அந்தக் கோடு இருக்கும். எங்கள் பட்டறையில் அது என் கழுத்து உயரத்தில் இருக்கிறது.

மெஷினைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே வார்ப்பிரும்பு உடம்பில் மேலே இழைக்கும் மேடை, பக்கத்தில் வட்ட ரம்பம், நுனியில் நிலைச் சட்டத்துக்குத் துளை போடும் கை. மூன்று வேலைக்கும் ஒரே மோட்டார். 1984இல் அப்பா பழைய மெஷினாகத்தான் வாங்கினார். அப்போதே அதில் செய்தவர் பெயர்த் தகடு தேய்ந்து போயிருந்தது. அதன் மரையெல்லாம் அங்குலக் கணக்கு, விட்வொர்த் என்கிற பழைய இங்கிலாந்து அளவு மரை. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு மூன்றெட்டு (3/8) அங்குல போல்ட் மாதிரியே இருக்கும், ஆனால் அந்த ஓட்டைக்குள் போகாது. தட்டி முறுக்கினால் மரைதான் போகும். பழைய மூன்றெட்டு அங்குல போல்ட்டில் ஓர் அங்குலத்துக்குப் பதினாறு மரை, அதன் கோணம் 55 டிகிரி. இப்போது வருவது 60 டிகிரி.

வெள்ளத்துக்கு முந்தின வாரம்தான் முன் மேடையைக் கழற்றியிருந்தேன். மேடை ஏறி இறங்கும் சரிவுக்குள் ஓர் ஆப்புப் பட்டை செருகியிருக்கும். ஒரு சாண் நீளம், ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்தது. மேடை ஆடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அது இல்லாவிட்டால் மேடை தொங்கிப்போகும், பலகை வளைந்து வரும். அதையும் அதைத் திருகி வைக்கும் நான்கு போல்ட்டையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு ஜன்னல் ஓரம் வைத்திருந்தேன். தண்ணீர் வடிந்து நாங்கள் வந்தபோது டப்பா இல்லை. பட்டறைக்குள் முழங்கால் அளவு வண்டல். வெளியே வாய்க்கால் முழுக்க அதே வண்டல்.

துரு உரசிப் போய்விடும். மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக்கொள்ளலாம், பேரிங் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆப்புப் பட்டையை வாங்க முடியாது. வேறொன்று செய்வதென்றால் மை தடவி, பொருத்திப் பார்த்து, மை ஒட்டின இடத்தை மட்டும் சுரண்டி, மறுபடி பொருத்தி, நாள் கணக்கில் கையாலேயே செய்ய வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆள் இப்போது எத்தனை பேர்? பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டு, "எடைக்குப் போட்டிருங்க அண்ணாச்சி" என்றார். அவர் மேல் தப்பில்லை. நானே அந்த யோசனையில்தான் இருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு பையன் வாசலில் வந்து நின்றான். பத்துப் பதினொரு வயசு இருக்கும். நிவாரணத்தில் கிடைத்த பெரிய ஆள் சட்டை, கையை நாலு மடிப்பு மடித்து விட்டிருந்தான். பள்ளிக்கூடத்து முகாமில் தங்கியிருந்த குடும்பம். கையில் நைலான் கயிறு கட்டின வட்டக் காந்தம், ஸ்பீக்கருக்குள் இருக்குமே, அது. கோயில் கொடைக்கு ரேடியோ செட் போடுகிற அவன் மாமா கொடுத்ததாம். "என்ன மாமா தேடுதிய?" என்று கேட்டான். சொன்னேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை இல்லை.

அவன் நேரே வாய்க்காலில் இறங்கிவிட்டான். சும்மா கலக்கவில்லை. ஓரத்தில் இருந்து ஒரு முழம், ஒரு முழமாகக் கோடு போட்ட மாதிரி காந்தத்தை இழுத்துக்கொண்டே போனான். இரும்பு ஒட்டும்போது சேற்றுக்குள் இருந்து ஒரு சின்னச் சத்தம் வரும், 'டிக்' என்று. அந்தச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து என்னைப் பார்ப்பான். வெளியே எடுத்து, வாளித் தண்ணீரில் அலசி, ஒரு சாக்கில் வரிசையாக வைப்பான். ஆணி, கீல், தாழ்ப்பாள், யார் வீட்டுச் சாவியோ ஒன்று, அப்புறம் எங்கள் போல்ட் ஒன்று. சாயங்காலத்துக்குள் மூன்று போல்ட் கிடைத்தது. சாவியை மட்டும் தனியாக வைத்து, "இது யாருக்காது வேணும் மாமா" என்றான்.

மறுநாளும் வந்தான். நான் கூப்பிடவில்லை. அன்றைக்குப் பதினொரு மணி வாக்கில் 'டிக்' என்று கேட்கவில்லை, கனமாக ஒரு 'டொக்' கேட்டது. கயிறு இழுக்க வரவில்லை. நானும் இறங்கிக் கையை விட்டுத் துழாவினேன். ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து, விரலுக்குள் அதே சரிவு. அப்பா உள்ளே இருந்தே, "ஏல, ஆப்பு கெடச்சிட்டா?" என்று கேட்டார். எங்கள் இரண்டு பேர் குரலில் இருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

காசு நீட்டினேன், வாங்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன், முகாமில் தம்பி தனியாக இருக்கிறான் என்று ஓடினான். அதற்கு மறுநாள் முகாமைக் காலி செய்துவிட்டார்கள். காந்தத்தைச் சாக்கின் மேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு நாள் எங்கள் வாய்க்காலில் நின்ற பிள்ளையின் பெயரை நான் கேட்கவில்லை. இந்த இரண்டு மாசமாக என்னை அரித்துக்கொண்டிருப்பது அதுதான்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். அவர்கள் இல்லாமல் ஆப்பு மட்டும் இருந்து என்ன பயன்? கடற்கரையில் இருந்து படகோடு வந்து எங்கள் தெருவை மாடியில் இருந்து இறக்கின மீனவர் அண்ணன்மார், மண்வெட்டியோடு வந்து வண்டலை அள்ளின கல்லூரிப் பிள்ளைகள், மோட்டாரை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, புதிதாகக் கம்பி சுற்றி, பாதிக் கூலியே வாங்கின தூத்துக்குடி அண்ணாச்சி, பழைய பாக்கியைக் கேட்காமல் புது மரம் இறக்கின டிப்போக்காரர், மூன்று நாள் டீயும் வடையும் கொடுத்துவிட்டு கணக்கே எழுதாத டீக்கடை அக்கா, எல்லோருக்கும் என் குடும்பத்தின் நன்றி.

லேத் பட்டறை அண்ணாச்சிக்குத் தனியாக ஒன்று. நான் மெஷினைப் பழையபடி ஆக்கினால் போதும் என்றுதான் போனேன். அவர்தான் விடவில்லை. பிளேடு மாட்டுகிற பிளாக் எங்கள் மெஷினில் சதுரம். அது சுற்றும்போது மேடைக்கும் பிளாக்குக்கும் நடுவில் விரல் போகிற அளவு பள்ளம் விழும். 1991இல் அப்பாவின் ஆள்காட்டி விரல் நுனி போனது அதில்தான். கையால் மரம் தள்ளுகிற இழைப்பு மெஷினில் வட்ட பிளாக்தான் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 1922லேயே விதி போட்டுவிட்டார்கள். நாங்கள் நூறு வருஷம் கழித்தும் சதுரத்தையே ஓட்டிக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி அந்தச் சதுர பிளாக் இருந்த தண்டையே தூக்கிப் போட்டுவிட்டு, வட்ட பிளாக் கடைந்து, இரண்டு பக்கமும் 6206 பேரிங் ஏற்றிக் கொடுத்தார். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடாத ஸ்டார்ட்டரும் மாட்ட வைத்தார். பிளேடைத் துடைக்கும்போது கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். நிமிஷத்துக்கு 1,440 சுற்று மோட்டார், புல்லி மூன்று மடங்காக்கி பிளாக்கை 4,320 சுற்று ஓட்டுகிறது. நேற்று ஓடினபோது மேடையில் நிறுத்தி வைத்த ஒரு ரூபாய்க் காசு விழவில்லை. அப்பா அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரும் ஆடி முடியும் வரை, வெள்ளத்தில் கதவோ ஜன்னலோ போன வீட்டுக்காரர் யார் பலகை கொண்டு வந்தாலும் இழைத்துக் கொடுக்க நாங்கள் கூலி வாங்கப்போவதில்லை. அப்பாவும் நானும் பேசி முடிவெடுத்தது இது. இனி எங்கள் பட்டறை வாசலில் வந்து நிற்கிற எந்தப் பிள்ளையிடமும் முதலில் பெயர் கேட்பேன்.

தம்பி, இதை நீ படிக்க மாட்டாய், யாராவது உன் வீட்டில் படித்துச் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊர் என்று மட்டும் சொன்னாய். மாமா ரேடியோ செட் வைத்திருக்கிறார் என்றாய். அடையாளம் தெரிந்தவர்கள் தயவுசெய்து அந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆப்பு அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. நாலாவது போல்ட்டைக் கடைந்து போட்டுக்கொண்டோம். அந்தச் சாவிக்காரரும் கிடைத்துவிட்டார், மேலத்தெரு ஆச்சியின் பீரோச் சாவி அது. உன் காந்தம் சேறு கழுவி, கயிறு மாற்றி, பட்டறை ஆணியில் தொங்குகிறது. எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள். வரும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு வா, இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.