வேடந்தாங்கல் பயணம்: 7ஆம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் சனிக்கிழமை 7ஆம் வகுப்புப் பிள்ளைகளை வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துப் போகிறோம். "கொக்கு பார்க்கப் பணம் கட்டணுமா, தீம் பார்க்குக்குப் போகலாமே" என்று சிலர் வகுப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயம்தான். இடத்தை மாற்றப் போவதில்லை, ஆனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஏரி சின்னதுதான், சுமார் 30 ஹெக்டேர். ஆனால் பிள்ளைகளின் சமூக அறிவியல் பாடத்தில் வரும் கம்பெனி ஆட்சி அங்கே கரையிலேயே நிற்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பொழுதுபோக்குக்குப் பறவைகளைச் சுட்டுத் தள்ள, ஊர் விவசாயிகள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார், 1858இல் அதை மறுபடி புதுப்பித்தும் வாங்கியிருக்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1972இல்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது இன்னும் தாமதம், 2022இல்.

அந்த விவசாயிகளுக்குப் பறவை மேல் இருந்தது வெறும் இரக்கம் மட்டுமில்லை, கணக்கும்தான். கூடுகளிலிருந்து எச்சம் ஏரியில் விழுகிறது, அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகும்போது உரமும் சேர்ந்தே போகிறது, நெல்லுக்குத் தனியாக வாங்கிப் போட வேண்டியது குறைகிறது. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இதுதான்.

இன்னொன்று. "எல்லாமே வெளிநாட்டுப் பறவைங்க" என்று அங்கே யாராவது பிள்ளைகளிடம் சொல்வார்கள், நீங்களும் சொல்லியிருக்கலாம். தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் நம் நாட்டுப் பறவைகள், மழையைப் பார்த்து ஏரிக்கு ஏரி இடம் மாறுபவை. வடக்கே குளிர் நாடுகளிலிருந்து வருபவை நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை, அவை இங்கே கூடு கட்டுவதில்லை, குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடும். நத்தைகுத்தி நாரையின் அலகை மட்டும் நன்றாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்: மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஒரு சந்து தெரியும், வளர்ந்த பறவைக்குத்தான், குஞ்சுக்கு இருக்காது.

சரி, ஏற்பாடுகளுக்கு வருகிறேன். பேருந்து மதியம் 12 மணிக்குப் புறப்படும். இரை தேடப் போன பறவைகள் சாயங்காலம் கூட்டுக்குத் திரும்புவதைப் பார்க்கத்தான் இந்த நேரம், ஆகவே "காலையிலேயே கிளம்பி அப்படியே மகாபலிபுரமும்" என்ற யோசனை வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் வரை போய் உள்ளே திரும்புவோம். சனிக்கிழமை நெரிசலில் திரும்பி வர இரவு 9 ஆகிவிடும், பிள்ளையை அழைத்துப் போகப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும்.

உடை பச்சை, காக்கி, பழுப்பு என்று மங்கலான நிறத்தில் இருக்கட்டும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் வேண்டாம், செண்டும் வேண்டாம். தொப்பி, தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, பென்சில் போதும். வீட்டில் பைனாகுலர் இருந்தால் பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்தனுப்புங்கள், நான்கு பேருக்கு ஒன்று என்று பகிர்ந்துகொள்வார்கள். போன் யாருக்கும் கிடையாது, ஆசிரியர்களின் போனில் எடுக்கும் படங்களைப் பிறகு அனுப்புகிறோம். சிப்ஸ் பாக்கெட் தந்தால் பேருந்திலேயே தின்று முடிக்க வேண்டும், கரைக்குக் கொண்டுபோக விடமாட்டோம். கத்தினாலோ கல்லெறிந்தாலோ அந்தப் பிள்ளை மீதி நேரத்தை என்னோடு பேருந்தில்தான் கழிக்கும், அப்புறம் என்னிடம் வந்து சண்டை போடாதீர்கள்.

ஆஸ்துமா, ஒவ்வாமை, பயணத்தில் வாந்தி எடுக்கும் பழக்கம் எதுவானாலும் சம்மதக் கடிதத்தின் பின்பக்கம் எழுதி, மருந்தை வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள். பணம் கட்டச் சிரமம் இருந்தால் என்னை நேரில் பாருங்கள், வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. சம்மதக் கடிதம் பொங்கல் விடுமுறைக்கு முன்பே வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்