பரிசுத் தொகையைக் குறை, மாணிக்கம்

டர்பன்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். தீபாவளி நெருங்க நெருங்க சாட்ஸ்வொர்த்தில் வழக்கம்போல் பட்டாசுப் பேச்சுதான். நீ மாரிட்ஸ்பர்க் தமிழ் வகுப்பில் பட்டிமன்றம் வைத்து, பட்டாசு என்றால் உயிரை விடும் பிள்ளைகளையே ‘பட்டாசு வேண்டாம்’ என்று பேச வைக்கப்போவது நல்ல யோசனை. ஆனால் பேசுகிற ஒவ்வொருவருக்கும் 500 ராண்டு என்கிறாயே, அதை மட்டும் விட்டுவிடு.

1959-ல் ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் சலிப்பூட்டும் வேலை கொடுத்தார்கள். முதல் அரை மணி, 12 நூல்கண்டுகளைத் தட்டில் அடுக்கி, எடுத்து, மறுபடி அடுக்க வேண்டும். அடுத்த அரை மணி, பலகையில் இருக்கும் 48 சதுர முளைகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். பிறகு, வெளியே காத்திருக்கும் பெண்ணிடம் ‘வேலை சுவாரசியமாக இருந்தது’ என்று சொல்லச் சொன்னார்கள். சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். கடைசியில் வேலை உண்மையில் எப்படி இருந்தது என்று −5 முதல் +5 வரை மதிப்பிடச் சொன்னபோது, அப்படிப் பொய் சொல்லும்படி கேட்கப்படாத இன்னொரு குழுவின் சராசரி −0.45, 20 டாலர்காரர்களுக்கு −0.05, 1 டாலர்காரர்களுக்கு +1.35! 20 டாலர் வாங்கியவனுக்கு ‘காசுக்காகச் சொன்னேன்’ என்ற சமாதானம் கையிலேயே இருக்கிறது. 1 டாலர்காரனுக்கு அது போதவில்லை. சொன்ன சொல்லுக்கும் நினைப்புக்கும் நடுவே உறுத்தல். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது, ஆகவே நினைப்பு நகர்கிறது.

உன் 500 ராண்டும் அந்த 20 டாலர்தான். பேனாவோ நோட்டுப் புத்தகமோ கொடு, போதும். அதைவிட முக்கியம், பேச்சை நீ எழுதிக் கொடுக்காதே. கொடுத்தால் ‘சார் எழுதியதைப் படித்தேன்’ என்று பிள்ளை கைகழுவிவிடும். அவரவரே காரணம் தேடி எழுதட்டும், அதைக் கேட்டு நடக்கக்கூடிய சின்னப் பிள்ளைகள் முன் பேசட்டும்.

‘விருப்பமிருந்தால் பேசு’ என்று கேட்பதையும் முக்கியமாகச் சொல்வார்கள். அதில் மட்டும் அதிக நம்பிக்கை வைக்காதே. 19 நாடுகளில் 39 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து நடத்தி 2024-ல் வெளியிட்ட பெரிய சோதனையில், தானாக ஒப்புக்கொண்டு எழுதியவர்களுக்கும் சொன்னதால் எழுதியவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தம் கருத்துக்கு எதிராக எழுதியவர்களின் மனம், சம்பந்தமில்லாததை எழுதியவர்களைவிட அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. ஆக, எழுதுவதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் எண்ணம். இருந்தாலும் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாதே, அது மரியாதை. பெற்றோரிடமும் நோக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிடு. சாமி, மதம் போன்ற தலைப்புகள் இதற்கு வேண்டவே வேண்டாம்.

மாற்றத்தை அளக்க, இரண்டு வாரம் முன்னும் பட்டிமன்றம் முடிந்த பின்னும் ‘பட்டாசு வேண்டாம்’ என்பதை எவ்வளவு ஏற்கிறார்கள் என்று அதேபோல் −5 முதல் +5 வரை மதிப்பிடச் சொல். தாளில் பெயருக்குப் பதில் ஒரு குறி போதும். தாளை நீ வாங்காதே, வேறு யாராவது வாங்கட்டும். உன் முகத்தைப் பார்த்தால் உனக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள். பொங்கலுக்கு ஒருமுறை மறுபடியும் கேட்டுப் பார், மாற்றம் நின்றதா கரைந்ததா என்று அப்போதுதான் தெரியும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கோபால்